குடல் அழற்சி நோயும் சத்து மாத்திரைகளும்: கடை மேசையில் ஓயாமல் வரும் கேள்விகள்

குடல் நோய் மருத்துவர்கள் இருவர் நோயாளிகளைப் பார்க்கும் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மேலே கேட்கத் தயங்கிய கேள்விகளெல்லாம் படியிறங்கி என் மேசைக்கு வந்துவிடும். குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுக்கும்போதே, "இதோடு சத்துக்கு ஏதாவது?" என்பார்கள். பதினாறு வருடமாக ஒரே பதில்களைச் சொல்லிவருகிறேன். எழுதி வைத்தால் எனக்கும் வாய் வலி குறையும். நான் மருந்தாளுநன், மருத்துவன் அல்ல. யாருக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடலில் புண் என்று சொன்னார்கள். நேரத்துக்குச் சாப்பிடாததால் வரும் அல்சர்தானே?

இல்லை. நம் ஊரில் அல்சர் என்றால் இரைப்பைப் புண். அதற்கே பெரும்பாலும் காரணம் எச். பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும்தான். பாவம், தள்ளிப்போன மதியச் சாப்பாடு பழியைச் சுமக்கிறது. இங்கே பேசுவது குடல் அழற்சி நோய், சுருக்கமாக ஐபிடி. உடலின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குவதால் வருவது. இதில் இரண்டு வகை முக்கியம். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்பரப்பில் மேல்நோக்கிப் படரும். 1932-ல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோனும் சக மருத்துவர்களும் விவரித்ததால் அவர் பெயரைத் தாங்கிய கிரோன் நோய், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் அது பாதிக்கும்.

ஒலியில் ஒட்டிப்பிறந்த ஐபிஎஸ் வேறு நோய். அதில் வயிற்று வலி உண்டு, புண் கிடையாது. "ஒரே வாரத்தில் வயிறு சரியானது" என்று சப்ளிமெண்ட் விளம்பரத்தில் சிரிப்பவருக்கு இருந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

சத்து மாத்திரை சாப்பிட்டால் இந்த நோய் குணமாகுமா?

குறையை நிரப்புவது வேறு, புண்ணை ஆற்றுவது வேறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தேவைப்படாது. இரத்தம் போய் இரும்பு குறைந்தவருக்கு இரும்பு கட்டாயம் வேண்டும். அதில் விவாதமே இல்லை. ஆனால் அந்த இரும்பு குடல் புண்ணை ஆற்றாது. புண்ணை ஆற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் மஞ்சள், மீன் எண்ணெய், புரோபயாடிக் என்ற நல்ல பாக்டீரியா கேப்சூல் ஆகியவற்றில் சிலவற்றுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எதுவும் மருந்தின் இடத்தைப் பிடித்ததில்லை.

ஒரு நாள் ஒரு தந்தை துணிப்பை நிறைய டப்பாக்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு வாங்கியவை, மொத்தம் பதினொன்று. பத்து டப்பாக்கள் பாதி காலி. மெசலமைன் டப்பா மட்டும் சீல் பிரிக்காமல் இருந்தது. "ஏற்கெனவே மாத்திரை அதிகமாகிவிட்டது சார், அதனால் இதை நிறுத்தி வைத்தோம்" என்றார். பையனுக்கு அன்று ஈமோகுளோபின் 8.

எனக்கு எது குறைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு மல்டிவைட்டமின் போட்டால் எல்லாம் அடங்கிவிடாதா?

எந்த இடத்தில் நோய், என்ன மருந்து என்பதைப் பொறுத்துக் குறை மாறும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உறிஞ்சப்படுகிறது. அங்கே 20 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்தவர்கள் பி12 விஷயத்தில் வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும், பெரும்பாலும் ஊசிதான். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரியச் சில வருடங்கள்கூட ஆகலாம். அதற்குள் ஆபரேஷனையே மறந்துபோய், கால் மரத்துப்போவதற்குச் செருப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சல்ஃபாசலசின் எடுப்பவர்களுக்கு ஃபோலிக் அமிலம் உறிஞ்சப்படுவது குறையும். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கும் ஃபோலிக் அமிலம் எழுதுவார்கள். அதை எந்தக் கிழமை சாப்பிடுவது என்பதைச் சீட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டு ஓடும் காலத்தில் எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு இருந்தால் துத்தநாகம். ஆனால் துத்தநாகத்தை அளவு தெரியாமல் நீட்டினால் உடலில் செம்பு குறையும். மல்டிவைட்டமினில் எல்லாம் இருக்கும், ஆனால் உங்களுக்குக் குறைந்ததை ஈடுகட்டும் அளவில் இருக்காது. ஒரு முறை இரத்தப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். அது ஆறு மாத டப்பா செலவை மிச்சப்படுத்தும்.

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, வயிறும் வலிக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

கறுப்பு நிறம் இரும்பின் வேலை, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் போல ஒட்டும் கறுப்பும் நாற்றமும் தலைசுற்றலும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வயிற்று வலி உண்மையான புகார்தான். மாத்திரையில் உள்ள இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேர்கிறது. மீதி குடல் வழியே போகும்போது புண்ணான இடத்தை உறுத்தும்.

நோய் தீவிரமாக இருக்கும்போது உறிஞ்சுவதும் நடக்காது. அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பை அதிகமாக விடும். அது இரும்பு இரத்தத்துக்குள் நுழையும் கதவைச் சாத்திவிடும். அதனால்தான் நோய் கொதிக்கும் நிலையிலும், ஈமோகுளோபின் 10-க்குக் கீழே இருக்கும்போதும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை ஐரோப்பிய வழிகாட்டுதல் முன்னிறுத்துகிறது. "ஊசி என்றால் நோய் முற்றிவிட்டதா?" என்று முகம் வெளுப்பவர்கள் இதைப் படிக்கட்டும். மாத்திரையே போதும் என்று மருத்துவர் சொன்னவர்கள் அதைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். அதில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஃபெரிட்டின் 70, நார்மல் என்று லேப் ரிப்போர்ட்டில் இருக்கிறது. டாக்டர் ஏன் இரும்புக் குறை என்கிறார்?

நல்ல கேள்வி, லேப் தாளின் தடித்த எழுத்துகளை மட்டும் நம்புகிறவர்களுக்கு இது வராது. ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். அழற்சி இருந்தாலும் அது ஏறும். எரியும் குடல் அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது, 100 வரைகூட உள்ளே இரும்பு குறைந்திருக்கலாம். கூடவே இரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற எண்ணையும் அழற்சியைக் காட்டும் சிஆர்பியையும் பார்த்துத்தான் மருத்துவர் சொல்கிறார். அவர் சரி, தாளும் சரி. நாம் ஒரு எண்ணை மட்டும் படித்ததுதான் தவறு.

நாள் முழுக்க வெயிலில் நிற்கிறேன். எனக்கு எப்படி வைட்டமின் டி குறையும்?

வெயில் இருந்தால் போதாது, அது தோலில் பட வேண்டும். கறுத்த தோலுக்கு அதிக நேரம் பட வேண்டும். சட்டை, ஹெல்மெட், நிழல் போக எஞ்சுவது கொஞ்சம். இதோடு ஐபிடியில் உறிஞ்சும் குறையும் சேரும். எலும்புக்காக நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். நோயையே அடக்குமா என்றால், 2010-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில் கிரோன் நோயாளிகள் 94 பேரில் தினம் 1,200 யூனிட் எடுத்தவர்களில் 13 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை.

ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பொடிப் பாக்கெட் பொதுவாக வாரத்துக்கு ஒன்று. எட்டுப் பாக்கெட்டை எட்டே நாளில் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, "இன்னும் எட்டு கொடுங்கள்" என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படும்.

தம்பி, தினமும் ராத்திரி மஞ்சள் பால் கொடுக்கிறேன். அது போதாதா?

கொடுங்கள் அம்மா, பால் ஒத்துக்கொண்டால் தடையில்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. மஞ்சளில் வேலை செய்யும் பொருள் குர்குமின். மஞ்சள் தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு கரண்டி 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். குர்குமின் பலன் தந்த ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 2 முதல் 3 கிராம். அந்த அளவை மஞ்சள் தூளாகவே கொடுப்பதானால் நாளுக்கு 65 முதல் 100 கிராம். எந்தப் பிள்ளையும் அந்தப் பாலைக் குடிக்காது.

அப்படியென்றால் குர்குமின் கேப்சூல் வாங்கலாமா?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சப்ளிமெண்ட்டுகளிலேயே ஓரளவு மரியாதைக்குரிய ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. 2006-ல் வந்த ஜப்பான் ஆய்வில், அடங்கிய கோலைட்டிஸ் உள்ள 89 பேருக்கு வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்குமினோ மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோ ஆறு மாதம் கொடுத்தார்கள். குர்குமின் பக்கம் 43 பேரில் இருவருக்கு நோய் திரும்பியது. மறுபக்கம் 39 பேரில் எட்டுப் பேருக்கு. 2015-ல் இஸ்ரேல் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில், மெசலமைனுக்கு அடங்காத 50 பேருக்கு ஒரு மாதம் 3 கிராம் சேர்த்தார்கள். குர்குமின் எடுத்த 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. நம் டெல்லி எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை. அதாவது அளவு முக்கியம். மூன்று ஆய்வுகளிலும் குர்குமின் வழக்கமான மருந்துக்குத் துணையாகத்தான் வந்தது. இவையெல்லாம் மிதமான கோலைட்டிஸுக்கு. கிரோன் நோய்க்கு இதே உறுதியைச் சொல்ல முடியாது.

இனி மறுபக்கம். குர்குமின் உடலில் எளிதில் சேராது. அதனால் மிளகின் பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். 1998-ல் பெங்களூர் ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். விற்பனைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். ஆனால் குடல் புண்ணுக்கு மருந்து குடலில்தானே இருக்க வேண்டும், இரத்தத்தில் ஏறி என்ன செய்யப்போகிறது? மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். அமெரிக்கப் பதிவுகளில் பலர் எடுத்தது பைப்பரின் கலந்தவை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கக் கொடுக்கும் அசதயோபிரினும் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய மருந்துதான். இரண்டையும் சேர்த்து எடுக்கப்போகிறீர்கள் என்றால் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் கேட்பவர்களிடம் நான் இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். பாதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள்.

தயிரிலும் பழைய சோற்றிலும் இல்லாத நல்ல பாக்டீரியாவா கேப்சூலில் இருக்கிறது?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையே எடுத்துச் செய்தது. உணவாக நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், சித்திரை வெயிலில் மதியம் வரை மூடாமல் கிடந்த சோற்றைத் தொடாதீர்கள். நல்ல தண்ணீரும் சுத்தமான பாத்திரமும் பழைய சோற்றின் பாதி குணம்.

கேப்சூல் விஷயம் அளவைப் பொறுத்தது. 2009-ல் லூதியானா மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவில் நடத்திய ஆய்வில், எட்டு வகைப் பாக்டீரியா கலவையைக் கோலைட்டிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 12 வாரத்தில் 42.9 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. வெறும் பொடி எடுத்தவர்களில் 15.7. அவர்கள் கொடுத்தது ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி பாக்டீரியா, நாளுக்கு இரு வேளை. நீங்கள் கேட்கும் சாதாரணக் கேப்சூலில் சில நூறு கோடி இருக்கும். கோடி என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். கிரோன் நோயில் புரோபயாடிக்குக்கு நம்பத்தகுந்த பலன் தெரியவில்லை. அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் 2020-ல், இரண்டு நோய்களுக்குமே ஆய்வுகளுக்கு வெளியே இவற்றைப் பரிந்துரைக்கவில்லை.

மீன் எண்ணெய்?

இதன் கதை ஒரு பாடம். 1996-ல் இத்தாலியில் கிரோன் நோயாளிகள் 78 பேரிடம் செய்த சிறு ஆய்வில் மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 69 சதவீதத்தினருக்கும் ஒரு வருடத்தில் நோய் திரும்பியது. உலகமே துள்ளியது. 2008-ல் 700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. தினம் 4 கிராம் கொடுத்தும் வித்தியாசம் இல்லை. பழைய ஆய்வைக் காட்டும் விளம்பரங்கள் புதியவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள்.

இசப்கோல், கற்றாழை இரண்டும் வயிற்றுக்கு நல்லது என்கிறார்களே?

இசப்கோல் விதையை வைத்து 1999-ல் ஸ்பெயினில், அடங்கிய கோலைட்டிஸ் உள்ள 105 பேரிடம் நடந்த ஆய்வில் அது மெசலமைனுக்கு ஏறக்குறைய சமமாக நின்றது. அடங்கியிருக்கும்போது என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். கிரோன் நோயில் குடல் சுருங்கியிருந்தால் இசப்கோல் உள்ளே ஊறி, உப்பி, அடைத்துக்கொள்ளலாம். ஸ்கேனில் சுருக்கம் இருப்பதாகச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கற்றாழைக் கூழுக்கு 2004-ல் வந்த லண்டன் ஆய்வு ஒன்று இருக்கிறது: 44 பேர், நான்கு வாரம், கூழ் எடுத்தவர்களில் 30 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது, மற்றவர்களில் 7. சிறிய ஆய்வு. வீட்டுக் கற்றாழையை வெட்டும்போது தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் கடும் பேதி மருந்து. அதைக் கழுவாமல் குடித்துவிட்டு நோய் திரும்பிவிட்டது என்று ஓடிவருபவர்கள் உண்டு.

இயற்கையானதுதானே, பலன் இல்லாவிட்டாலும் பக்க விளைவு வராது அல்லவா?

பலன் இருக்கும் இயற்கைப் பொருளைப் பற்றியே சொல்கிறேன். சீன மருத்துவத்தில் சிங் தாய் என்றொரு நீலப் பொடி உண்டு. நம் அவுரியைப் போலச் சாயம் தரும் செடிகளின் இலையிலிருந்து எடுப்பது. ஜப்பானில் கோலைட்டிஸ் நோயாளிகள் பலர் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட்டார்கள். மருத்துவர்கள் முறையாகச் சோதித்தபோது அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இதைத் தானாக எடுத்துவந்த சிலருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஏறும் ஆபத்தான நோய் வந்தது. 2016-ல் ஜப்பான் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. 86 பேரோடு அந்த ஆய்வும் பாதியில் முடிக்கப்பட்டது. உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் வேண்டாத வேலையும் செய்யத் தெரியும்.

கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்தி கூட்டுவதாகச் சொல்லிச் சீந்தில் கொடி விற்றது நினைவிருக்கும். அதனால் கல்லீரல் அழற்சி வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். அது இருக்கட்டும். உங்கள் நோயே அளவு மீறிய எதிர்ப்பு சக்தியால் வந்தது. அதைக் குறைக்கத்தான் மேலே மாத்திரை எழுதுகிறார்கள். கீழே வந்து அதைக் கூட்ட டானிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். உணவுத் தரக் கட்டுப்பாட்டு விதிப்படி அதைப் போட்டாக வேண்டும்.

வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து வெளியே போய்விடுமே, அதிகமாக எடுத்தால் என்ன?

போகும் வழியில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறும். கிரோன் நோயில் சிறுகுடலின் கடைசிப் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏற்கெனவே ஆக்சலேட் அதிகம் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகக் கல் வர வாய்ப்பு கூடுதல். கிராம் கணக்கில் விழுங்காதீர்கள். நெல்லிக்காய் தின்பதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

எடை குறைந்துவிட்டது. புரோட்டீன் பவுடர் எதை வாங்குவது?

எதை வாங்கக் கூடாது என்று சொல்வது எளிது. பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள் மோர்ப் புரதத்தில் ஐசொலேட் வகையைத் தேடுங்கள். சர்பிட்டால், மால்டிட்டால் போன்ற இனிப்புகள் இருந்தால் வயிறு உப்பிப் பேதியாகும்; நோய் திரும்பியதாக நினைத்துப் பயப்படுவீர்கள். முட்டை ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அதைவிட மலிவான நல்ல புரதம் என் கடையில் இல்லை.

குழந்தைக்கு ஆறு வாரம் வெறும் பால் போன்ற சத்து பானம் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். சப்ளிமெண்ட் மருந்தாகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

மாட்டிக்கொண்டேன். இது ஒன்றுதான் உண்மையான விதிவிலக்கு. கிரோன் நோய் உள்ள குழந்தைகளுக்கு, வழக்கமான சாப்பாட்டை முழுக்க நிறுத்திவிட்டு, முழுச் சத்தும் அடங்கிய திரவ உணவை மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் கொடுப்பது பல நாடுகளில் முதல் நிலைச் சிகிச்சை. ஸ்டீராய்டுக்கு இணையாக நோயை அடக்குகிறது, வளர்ச்சியையும் கெடுப்பதில்லை. இங்கே வேலை செய்வது முழு உணவு மாற்றம். ஒரு கரண்டிப் பொடி அல்ல. இட்லி, தோசையோடு இரண்டு டம்ளர் கொடுத்தால் சத்து கூடும், சிகிச்சை ஆகாது. வீட்டில் பாட்டி ரகசியமாக ஊட்டும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும்.

இப்போது இரத்தம் இல்லை, வலி இல்லை. மருந்தை விட்டுவிட்டு சப்ளிமெண்ட் மட்டும் தொடரலாமா?

மருந்து எடுப்பதால்தான் இப்படி இருக்கிறீர்கள். வெளியே அமைதி, உள்ளே அழற்சி என்ற நிலை இந்த நோயில் சாதாரணம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்த்தால் தெரியும். 50-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250-க்கு மேல் போனால் உள்ளே எரிகிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். வருடக்கணக்கில் எரிந்தால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். மருந்தைக் குறைப்பதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் மேல்மாடி, என் மேசை அல்ல.

அடுத்த வாரம் கொலோனோஸ்கோபி. எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?

இரும்பு மாத்திரையைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுத்து, பிசின் போலக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். கேமராவுக்குப் புண் தெரியாது. இசப்கோலும் சில நாள் முன்பே நிற்க வேண்டும். மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூல் எடுத்தால் திசு எடுக்கும் முன் சொல்லிவிடுங்கள், இரத்தம் உறையும் வேகத்தை அவை மாற்றக்கூடும். நோய்க்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். டப்பாக்களையும் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் நினைவில்லாமல் "அந்த மஞ்சள் கலர் மாத்திரை" என்றால் எனக்கே புரிவதில்லை, அவருக்கு எப்படிப் புரியும்?